மணிகண்டன் கத்திக்குப் பிடி

— கையை எடு தாயி. உளி வழுக்கிச்சுன்னா விரலு துண்டாப் போயிரும்.

— எடுக்க மாட்டனுங்கண்ணா. மொதல்ல நீங்க உளியக் கீழ வைங்க.

— கீழ வச்சா வேலைய யாரு பாக்குறது? உன் வீட்டுக்காரன் சிவப்பிரகாசு நாலு மணிக்கு வந்து நிப்பான். இப்பமே ரெண்டாச்சு. பிடிக்கு இருபது தோல் வட்டுதான் வெட்டியிருக்கேன். இன்னும் அவ்வளவு வெட்டிக் கோக்கணும், இறுக்கணும், அரம் போடணும்.

— அவுங்க வந்தா வேலை முடியலீன்னு சொல்லிடுங்க. தோலு கெடைக்கலீன்னு சொல்லுங்க. என்னமோ ஒண்ணு சொல்லுங்கண்ணா.

— இந்தா கிடக்குல்லா தோலு, கண்ணு முன்னால? நேத்து அவன்தான் தொட்டுப் பாத்துட்டுப் போனான். ஏத்தா யோகப்பிரியா, நீ இந்தக் கடைக்கு எத்தனை தடவ வந்திருக்கே. பை ஜிப்பு மாத்தியிருக்கே, உன் மக செருப்பத் தைச்சிருக்கே. ஒரு நாளும் இப்படி மூச்சு வாங்க ஓடி வந்ததில்ல. என்ன காரியம்? சொல்லிட்டு அழு.

— அது ஆரு கத்தின்னு தெரியுங்களா உங்களுக்கு?

— சொன்னான். அவன் தம்பி மணிகண்டனோடதுன்னு. பத்து மாசம் வாய்க்கா சேத்துல கிடந்து, பிடி மக்கிப் போச்சாம். மரத்துல போட்டுத் தாறேன், பத்து நிமிச வேலைன்னு சொன்னேன். கேக்கல. தம்பி இடுப்புல இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே தோல்லதான் வேணும்னான். செத்த பையன் ஞாபகமா வச்சுக்கிடுவான்னு நான் நினைச்சேன்.

— ஞாபகத்துக்கு வெச்சுக்கறதுன்னா எதுக்குங்கண்ணா பதம் போடோணும்? நேத்து சாயந்தரம் உங்ககிட்டக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கல்லுல தேச்சாங்க. நான் மாட்டுக்குத் தண்ணி வெச்சுட்டுப் பாத்துட்டே இருந்தேன். அந்தக் கத்தியில எங்கண்ணன் உசுரு போகப் போகுதுங்க.

— யாரு, கோபிநாத்தா?

— ஆமாங்க. போன வாரம் ஜாமீன் கெடச்சு வெளிய வந்துருச்சு. பத்து மாசமா எங்கூட்டுக்காரரு வாயில எங்கண்ணன் பேரே வந்ததில்ல. நேத்து ராத்திரி சோத்துக்கு உக்காந்தவங்க, "கோபி வந்துட்டானாமா, போயிப் பாக்கோணும்"னாங்க. அடுத்த வாய் தின்னுட்டு, "மணி கத்திக்குப் பிடி போடக் குடுத்திருக்கேன்"னாங்க. அப்பறம் மோர் கேட்டாங்க.

— ஆத்திரத்துல ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். அதுக்காக?

— ஆத்திரப்பட்டுச் சொல்லியிருந்தா நான் பயப்பட மாட்டேன். மணி செத்தப்பக் கூட அவுங்க கத்தல. ஆசுபத்திரியில தம்பி மொகத்துல இருந்த மண்ணத் தொடச்சு உட்டுட்டு, "செருப்பு ஒண்ணக் காணோம், தேடுங்க"ன்னாங்க. அவ்வளவுதான். அன்னைக்குப் புடிச்ச பயம் எனக்கு.

— சவத்த, இதுல என்னை எதுக்குத்தா இழுக்குதே? உங்க சொந்தக்காரங்க யாரையாச்சும் கூட்டிப் பேசு.

— ஒறம்பரை பூராப் பேசிப் பாத்தாச்சுங்க. ஒருத்தரும் எங்கண்ணன் பக்கம் நிக்க மாட்டாங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன். பிடியப் போடுங்க. ஆனா நிக்காத பிடியாப் போடுங்கண்ணா.

— என்னது?

— பாக்க நல்லா இருக்கோணும். குத்தறதுக்கு ஓங்குனா கையில நிக்கக் கூடாது.

— எந்திரி. போ வெளிய.

— அண்ணா...

— மூணாறு பக்கம் எஸ்டேட்ல, தேயிலை பேக்டரியில முப்பது வருசம் மிசின் பெல்ட்டு தைச்சவன் நான். இந்தத் தோலே அங்கன ஓடுன பெல்ட்டுதான், மூடுனப்ப எடுத்துட்டு வந்தேன். என் கையில தைச்ச பெல்ட்டு அந்து ஒருத்தன் மேல விழுந்ததில்ல. மாரீஸ்வரியக் கட்டி அவ ஊருன்னு இந்தக் கோவிந்தாபுரத்துல வந்து கடை போட்டு எட்டு வருசம் ஆச்சு. செக்போஸ்டுக்கு வர்ற லாரிக்காரன்ல இருந்து உங்க தோட்டக்காரங்க வரைக்கும், நல்லதம்பி போட்ட தையல் பிரியாதுன்னுதான் வாறாங்க. கழண்டு போற பிடி போடுன்னா எப்படித்தா கேக்க வாய் வந்துச்சு? கழண்ட பிடி யாரு கையைக் கிழிக்கும்னு உனக்குத் தெரியுமா? உன் புருசன் நரம்பே அந்துட்டா?

— நரம்பு அந்தா ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போவேன். தையல் போட்டா ஒட்டிக்கும். எங்கண்ணன் போயிட்டா? அவுங்க ஜெயிலுக்குப் போயிட்டா? ரெண்டு பேரும் போயிட்டா நானும் மௌனிகாவும் ஆரு ஊட்டு வாசல்ல நிக்கறது?

— நியாயமாப் பேசு. வேலிக்குக் கரண்ட் வச்சது உங்கண்ணன். பன்னிக்கு வச்சேன்னு சொன்னாலும் அது கூடாத வேலை. மணி மாதிரி ஒரு பையன் அதுல மாட்டி... போற வழியில கடைக்குள்ள எட்டிப் பாத்து, "அண்ணே டீ சொல்லட்டுமா"ன்னு கேக்காமப் போகமாட்டான். பிரகாசுக்கு வயிறு எரியத்தானே செய்யும்?

— எரியட்டுங்க. எரியறது நாயந்தான். ஆனா எங்கண்ணன் மேல எரியக் கூடாதுங்க.

— ஏன் கூடாது?

— கரண்ட் உட்டது எங்கண்ணனில்லீங்க.

— பின்னே?

— நானுங்க.

— என்னத்தா சொல்லுதே?

— எனக்கும் அவுங்களுக்கும் சண்டை. பெருசா ஒண்ணுமில்ல, ஒரு நோம்பிக்கு எங்கம்மா ஊட்டுக்கு அனுப்பலீன்னு. புள்ளையத் தூக்கிட்டு எங்கண்ணன் தோட்டத்துக்கு வந்துட்டேன். மூணு நாள் இருந்தேன். மூணாவது நாள் எங்கண்ணன் மாங்கா லோடோட பொள்ளாச்சி மண்டிக்குப் போயிருச்சு. ஏழு மணி இருக்கும், போன் பண்ணுச்சு. "நான் வர நேரமாகும், மேக்கால வேலிக்கு சுவிட்சப் போட்டுரு, பன்னி வந்துரும்"னுச்சு. அங்க இருந்தா எப்பவும் நான்தான் போடுவேன். போட்டேன். உள்ள போயி மௌனிகாவுக்குச் சோறு ஊட்டுனேன்.

— மணி அங்கன எதுக்கு வந்தான்?

— என்னையக் கூப்பிடத்தானுங்க வந்திருக்கு. "அண்ணி, போதும், வாங்க ஊட்டுக்கு"ன்னு கூட்டிட்டுப் போக. எப்பவும் ரோட்டு வழியா வண்டியில வரும். அன்னைக்கு வண்டி ரிப்பேரு. வாய்க்கா மேட்டுல குறுக்கால நடந்து வந்திருக்கு. நாய் கொலச்சுது. நான் பன்னின்னு நெனச்சேன். ஊட்டிட்டு இருந்த சோத்தக் கூட நிறுத்தல.

— அய்யோ, தாயி...

— காத்தாலதான் பாத்தோம். எங்கண்ணன் என்ற கையப் புடிச்சுக்கிச்சு. "நீ வாயத் தொறக்காத. உனக்குக் கொழந்தை இருக்குது. வேலி என்னோடது, நானே போட்டேன்னு இருக்கட்டும்"னுச்சு. அவுங்க வர்றதுக்கு முன்னாடி போலீஸ்கிட்டப் போயிச் சொல்லிருச்சு. நான் சும்மா நின்னேன். எனக்காகத்தான் அது உள்ள போச்சு. இப்ப எனக்காகவே சாகப் போகுது.

— பிரகாசுக்கு இது?

— தெரியாதுங்க. பத்து மாசமா ஒரே பாயில படுத்துட்டு இருக்கேன். நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னு ஒவ்வொரு ராத்திரியும் நெனைக்கறேன். காத்தால அவுங்க மொகத்தப் பாத்தா வாய் வர மாட்டேங்குது.

— இப்பமாச்சும் சொல்லேன்? சொன்னா உங்கண்ணனை விட்டுருவான்லா?

— சொல்லிரலாம்னுதான் மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன். ஆளில்ல. அப்பறம் இங்க ஓடி வந்தேன். எனக்குத் தைரியம் இல்லீங்கண்ணா. உண்மை தெரிஞ்சா அவுங்க என்னைய உட மாட்டாங்க. எனக்குச் சாகப் பயமா இருக்குது.

— சவத்த... நான் இதைக் கேட்டிருக்கவே கூடாது. மூக்க உறிஞ்சாத, இந்தத் துணியால துடை.

— போட்டுத் தர்றீங்களா?

— ஒரு தடவதான் சொல்லுவேன், கேட்டுக்க. கத்திக்குப் பின்னால வால் மாதிரி ஒரு கம்பி இருக்குல்லா? வட்டு எல்லாத்தையும் அதுல கோக்கணும். வட்டோட ஓட்டை கம்பிக்கு இறுக்கமா இருக்கணும், ஒவ்வொரு வட்டுக்கும் நடுவுல பசை போடணும், கடைசியில நட்டுப் போட்டு முறுக்கணும். அப்பம்தான் அது பிடி. ஓட்டையப் பெருசா வெட்டி, பசை போடாம, நட்டை ரெண்டு சுத்துல நிறுத்திட்டா, மேல பாக்க ஒண்ணும் தெரியாது. பலமா ஒரு இடத்துல போயி முட்டிச்சுன்னா கத்தி ஒரு பக்கம், பிடி ஒரு பக்கமாச் சுத்தும். குத்த முடியாது.

— போதுங்கண்ணா. அது போதும்.

— இந்த ஏமாத்து ஒரு தடவைக்குத்தான் உதவும். மறுபடி அவன் வேற கத்தி தேடுவான். அதுக்குள்ள உங்கண்ணனை இங்கிருந்து கிளப்பணும். மறையூர்ல வெல்லம் காய்ச்சுற இடத்துல மாரீஸ்வரி தம்பி பாண்டி இருக்கான். அங்கன போயி இருக்கட்டும்.

— இன்னைக்கே அனுப்பறேன். சத்தியமா.

— வேலை தெரிஞ்ச நாள்ல இருந்து இப்படி ஒரு பொய்ய வெட்டுனதில்ல. இன்னும் பத்து வட்டு. அந்த மெழுகை எடு.

— இதுங்களா?

— அதான். வட்டு பூராக் கோத்தாச்சு, நட்டை ஏத்தியாச்சு. அரம் போட்டாச்சு. மெழுகுத் தேச்சுட்டேன்னா... பாரு, எவனாச்சும் கண்டுபிடிப்பானா?

— நெசமான பிடி மாதிரியே இருக்குதுங்கண்ணா.

— வெளிய சொல்லிராத. சரி, மணி மூணே கால். முன்னால போகாத, பின்னால சந்து வழியாப் போ. அவன் கண்ணுல பட்டுராத.

— சந்து வழியா எதுக்குங்கண்ணா போகோணும்? ரோட்டு வழியாவே போலாமே.

— பிரகாசு!

— நானேதானுங்க. காத்து இந்தப் பக்கமா அடிக்குது. நீங்க பேசறது அக்கட்ட செக்போஸ்ட் வரைக்கும் கேக்கும்போல.

— என்... என்ன கேட்டுச்சு?

— சந்துங்கறது மட்டும் கேட்டுச்சு. நீ எப்ப வந்த, யோகா?

— இப்பத்தானுங்க மாமா. மௌனிகா செருப்பு வாரு அந்து போச்சு. தைக்கலாம்னு.

— செருப்பு எங்க?

— ஊட்டுலயே மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்.

— அது சரி. மௌனிகாவ எங்க உட்டுட்டு வந்த?

— பக்கத்துல, கமலாத்தா அத்தைகிட்ட.

— அங்க இல்ல. நான் போயிக் கூட்டிட்டு வந்து எங்கக்கா ஊட்டுல உட்டுட்டேன், பொள்ளாச்சியில. பள்ளிக்கூடம் லீவுதானே. சித்த நாள் அங்கயே இருக்கட்டும்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே?

— இப்பச் சொல்றேனே. கத்தி ஆச்சுங்களாண்ணா?

— நாலு மணிக்குத்தானே வாறேன்னே.

— லோடு சீக்கிரம் ஏத்தி முடிஞ்சுது. ஓ, முடிச்சே வெச்சிருக்கீங்க. நெம்ப அழகா வந்திருக்குதுங்க. மணி பாத்தா உங்கள உட்டிருக்க மாட்டான். டீ, பஜ்ஜின்னு சொல்லி உக்கார வெச்சிருப்பான்.

— நல்ல பையன்.

— அந்தத் துணியச் சித்த குடுங்க. கத்தி வாய்ல சுத்திக்கறேன். பிடிய நீங்க புடிங்க.

— எதுக்கு?

— மம்பட்டிக்குக் காம்பு போட்டா ஒருக்காத் திருகிப் பாப்போங்க. பழக்கம். புடிங்க... நல்லாப் புடிங்கண்ணா. பாத்தீங்களா?

— என்ன?

— சுத்துது.

— சுத்தலையே...

— இன்னொருக்காத் திருகறேன், பாருங்க. நட்டும் நிக்கல. பசை வாசமே இல்ல. நல்லதம்பியண்ணன் பசை போட மறந்துட்டாருன்னு சொன்னா இந்த ஊர்ல ஆரும் நம்ப மாட்டாங்களே.

— வயசாகுதுப்பா. கண்ணு சரியில்ல. நாளைக்கு வா, புதுசாப் போட்டுத் தாறேன்.

— இன்னைக்கே போடுங்க. நான் இருக்கேன். யோகாவும் இருக்கா. மூணு பேர் கை சேந்தா சட்டுனு முடிஞ்சிரும். நீங்க வட்டு வெட்டுங்க. உக்காரு, யோகா. பசைய எடு. அவரு வெட்டற வட்டுக்கு நீ பசை தடவிக் கோத்துக் குடு.

— நானுங்களா?

— பசை தடவத் தெரியாதா உனக்கு?

— தெரியுங்க.

— அப்பத் தடவு. ஓட்டையச் சின்னதாவே வெட்டுங்கண்ணா. கம்பியில தட்டித்தான் ஏத்தோணும், அந்த அளவுக்கு.

— பிரகாசு, மனசு சரியில்லாத நேரத்துல இந்த மாதிரிச் சாமான் கையில வேண்டாம்ப்பா. நான் மூத்தவன் சொல்லுதேன்.

— மனசு சரியாத்தாங்க இருக்குது. இந்தப் பத்து மாசத்துல இன்னைக்குத்தான் சரியா இருக்குது. ம், அடுத்தது. ஓரத்துல வழியுது பாரு, யோகா. விரலால வழிச்சு உடு.

— மாமா... இந்தக் கத்தி எதுக்குங்க?

— பொறு, சொல்றேன். காத்தால கோபி ஊட்டுக்குப் போயிருந்தேன்.

— மாமா!

— பசை கொட்டுது. ஏன் இப்படிப் பதறறே?

— எங்கண்ணன... எங்கண்ணன் நல்லா இருக்குதுங்களா?

— இருக்கறான். எளச்சுட்டான். எனக்கு டீ வெச்சுக் குடுத்தான். சக்கரை போட மறந்துட்டான். நான்தான் எந்திரிச்சுப் போயி எடுத்துட்டு வந்து போட்டேன், ரெண்டு பேருக்கும். ஒண்ணா உக்காந்து குடிச்சோம். இன்னொரு வட்டு குடு.

— இந்தாங்க.

— ரெண்டு பேரும் மணியப் பத்திப் பேசுனோம். அழுதான். நானும் அழுதேன். தம்பி செத்து இத்தன நாள் கழிச்சு இன்னைக்குத்தான் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துதுங்கண்ணா. தட்டுங்க, நிறுத்தாதீங்க.

— தட்டுதேன். நீ சொல்லு. அவன் மேல இருந்த கோவம் போயிருச்சா?

— போயிருச்சுங்க.

— அப்பிடிச் சொல்லு! கேட்டியாத்தா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேன்ப்பா. பெத்த தாய் மாதிரி வயித்துல நெருப்பக் கட்டிட்டு உக்காந்திருந்தா இவ.

— எங்கண்ணன ஒண்ணும் பண்ண மாட்டீங்களே மாமா? என் மேல சத்தியமாச் சொல்லுங்க.

— அவன எதுக்கு நான் பண்றேன்? உன் மேல சத்தியம். அவன் மேல என்ற கை படாது.

— மாமா... சாமி... நான் நெம்பப் பயந்துட்டனுங்க.

— அழுகாத. வட்டுல தண்ணி பட்டாப் பசை புடிக்காது. கடைசி நாலு வட்டு, தடவு.

— தடவறனுங்க. தடவறேன். இந்தாங்கண்ணா.

— நட்டை நானே முறுக்கட்டுங்களா? நீங்க அந்த வைசு இடுக்கியில வெச்சுப் புடிங்க. அப்படித்தான். இன்னும் கொஞ்சம்... இப்பப் பாருங்க, கல்லு மாதிரி ஆயிருச்சு.

— ஆமா. இனி ஒரு காலத்துக்கும் ஆடாது. ராத்திரி முழுக்க வைசுல இருக்கட்டும். காலையில வந்து வாங்கிக்க.

— அந்த மண்டிக்காரரு பழனிச்சாமி இருக்காருல்லங்கண்ணா, பொள்ளாச்சியில? போன வாரம் அவருகிட்ட லோடு எறக்கப் போயிருந்தேன். பேச்சுவாக்குல சொன்னாரு. "உன்ற தம்பி செத்த அன்னைக்கு கோபி இங்கதான் இருந்தான், பாவம், ஒம்பது மணி வரைக்கும் எடை போட்டுட்டு இருந்தான்"னாரு.

— அதுக்கு என்னப்பா இப்பம்? அந்த மெழுகை எடு, தேச்சுருவோம்.

— மணி உசுரு போனது ஏழரை மணிக்குன்னு டாக்டர் எழுதியிருக்காரு. கோபிகிட்டக் காத்தால நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். பொள்ளாச்சியில நின்னுட்டு இங்க எப்படிடா சுவிட்ச் போட்டேன்னு.

— மாமா...

— பாவம் அவன். ஜெயில்ல இருந்து வந்ததுல இருந்து தூக்கமே இல்லையாமா. கேட்ட ஒடனே கொட்டிட்டான். இத்தன நாளா அடச்சு வெச்சிருந்திருக்கான்.

— பிரகாசு, இங்க பாரு. அது தெரியாம நடந்தது. பன்னின்னு நினைச்சுட்டா இந்தப் பொண்ணு. மணி வாறது இவளுக்குச் சத்தியமாத் தெரியாது.

— ஓ. உங்களுக்கும் தெரியுமா?

— இப்பத்தான் சொன்னா. அழுது அழுது சொன்னா.

— பாருங்க. பத்து மாசம் பக்கத்துல படுத்தவனுக்குச் சொல்லல. தம்பிக்குக் காரியம் பண்ணுனப்ப என்ற தோளப் புடிச்சுட்டு அழுதா, அப்பவும் சொல்லல. கத்திக்குப் பிடி போடறவருகிட்டச் சொல்லியிருக்கா.

— மாமா, நான் சொல்லத்தான் மத்தியானம் தோட்டத்துக்கு வந்தேன். நீங்க இல்லீங்க. தெய்வ சாட்சியா...

— தெரியாமப் போட்டேன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் யோகா? அழுதிருப்பேன். உன்னையப் புடிச்சுட்டுத்தான் அழுதிருப்பேன். எனக்கு வேற ஆரு இருக்கா? பொணத்து மேல உழுந்து நீ அழுதியே, அதுதான் எனக்குத் தாங்கல.

— கத்தியத் தர மாட்டேன் பிரகாசு. பசை காயல. காய ஒரு ராத்திரி ஆகும். வைசுல கையை வைக்காத.

— ஒரே ஒரு வேலைதானுங்கண்ணா. அதுக்கு இவ்வளவு காஞ்சாப் போதும்.

— ஏய், விடு! தாயி, நீ நகராத. என் பின்னால நில்லு. நான் ஆளைக் கூப்பிடுதேன். செக்போஸ்ட்ல போலீசு நிக்கான்.

— கூப்பிடுங்க. என்னன்னு சொல்வீங்க? தம்பி கத்திக்குப் பிடி போட்டு வாங்கிட்டு, பொண்டாட்டிய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னா? வா, யோகா. வண்டி வெளிய நிக்குது.

— நான் வரலீங்க. எனக்கு... எனக்கு எங்கண்ணனுக்கு ஒரு போன் பண்ணோணும். எங்கண்ணன் வந்து என்னையக் கூட்டிட்டுப் போகும். அது வராம நான் நகர மாட்டேன்.

— வர மாட்டான் கண்ணு. உன்னைய எங்க கூட்டிட்டுப் போறேன், எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எல்லாத்தையும் அவன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். தலை குனிஞ்சு உக்காந்துட்டு, "இனி என்னால மறச்சு வெச்சு வாழ முடியாது"ன்னான். அப்பறம் சரீன்னு தலையாட்டுனான்.